காதில் பஞ்சு, கையில் கிளட்ச்

எங்கள் அண்ணி பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைத் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். முதல் நாளே பறந்தாள் என்பார் எதிர்வீட்டுத் தையல்காரர். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு ஓட்டத் தெரியும், மறைத்து வைத்திருந்தாள் என்பாள் மருந்துக்கடைக்காரி. இவர்களில் ஒருத்தராவது அந்த வண்டியில் ஏறியிருக்கிறார்களா? இல்லை. ஏறினவள் நான். பின்சீட்டில் மூட்டைக்குப் பதில் மூட்டையாக மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள், மற்றவர்கள் அளப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் அண்ணன் வாஷிங் மெஷின் மெக்கானிக். கடையெல்லாம் கிடையாது, வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பவன். அவனுடைய பைக்கில் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்திருப்பான். ஒன்றில் டூல் பெட்டி, இன்னொன்றில் உதிரிப் பாகங்கள். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நான் வாயை மூடுவதே இல்லை என்பாள் அண்ணி.

அண்ணிதான் வீட்டிலிருந்து ஃபோன் எடுப்பவள். எடுப்பவள் என்று மட்டும் சொன்னால் அது அவளுக்குச் செய்கிற துரோகம். கூப்பிடுகிறவர்களிடம், மெஷினை ஓடவிட்டு ஃபோனைப் பக்கத்தில் வைக்கச் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்பாள், அல்லது பேரிங் போய்விட்டது என்பாள், அல்லது தண்ணீர் வெளியேற்றுகிற பம்பில் ஹேர்பின் ஏதோ சிக்கியிருக்கிறது என்பாள். அண்ணன் அந்தப் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவான். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பாகம் எடுத்துப் போகிற வேலையே அவனுக்கு இருந்ததில்லை. வழியையும் அவளேதான் கேட்டு வைப்பாள். தண்ணீர்த் தொட்டி தாண்டி இடது, பச்சை கேட், மாடிப்படி வெளியே இருக்கும் வீடு. இப்படி ஊர் முழுக்க அவளுக்கு மனப்பாடம், ஆனால் அதில் ஒரு வீட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஃபோனில் அவள் குரலைக் கேட்டால் கல்லும் கரையும். ஃபோனை வைத்த மறு நிமிஷம் என் பக்கம் திரும்பி, நின்று வேடிக்கை பார்க்காமல் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கச் சொல்லிக் கத்துவாள். அதே தொண்டைதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்தது. அண்ணன் அதில் மோதி விழுந்தான். வண்டி அவனுடைய இடது கணுக்கால் மேல் விழுந்தது. வண்டிக்கு ஒரு கண்ணாடி உடைந்ததோடு சரி. அண்ணனுக்கு ஆப்பரேஷன், கம்பி, கட்டு, ஊன்றுகோல். எல்லாம் முடிந்து நடக்க ஆரம்பித்தான். ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. கியர் மாற்ற முடியாது. கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டலாமே என்று தையல்காரர் தன் வண்டியையே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அண்ணன் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். உடனே அணைத்தான். இறங்கிவிட்டான். வெயில் அதிகமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றான். அன்றைக்கு வெயிலே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, உடைந்தது கணுக்கால் மட்டும் இல்லை என்று.

அவன் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். ஃபோன் அடிக்கும். அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று அண்ணி தேன் குரலில் சொல்வாள். அடுத்த வாரமும் அதையே சொல்வாள். சாப்பாட்டுக்கு ஒன்றும் குறைவில்லை, என் சம்பளம் இருந்தது, அது ஒரு பேச்சே இல்லை. அண்ணன்தான் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருந்தான். சவரம் செய்வதை நிறுத்தினான். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தான். ஒரு சாயங்காலம் யாரோ ஃபோனில் மெஷின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். அண்ணிக்குப் பிடிபடவில்லை. எப்போதும் போல ஃபோனை அவன் காதருகே நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கென்ன தெரியும் என்றான். பார்க்கிற மெஷினையெல்லாம் பிரித்து மேய்கிற மனுஷன் சொல்கிற பேச்சா அது?

அண்ணி ஃபோனை வைத்தாள். ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மாடி ஏறி என்னிடம் வந்தாள்.

“உங்க அண்ணன் மறுபடி அந்த வீடுங்களுக்குள்ள போய் நிக்கணும். நிக்கலைன்னா இந்த நாற்காலியிலயே முடிஞ்சிடுவாரு. நான் ஓட்டக் கத்துக்கப் போறேன். ஓட்ட வந்ததும் பின்னாடி உக்காந்து பழக ஆள் வேணும். நீ உக்காரு. நீயும் உங்க அண்ணனும் ஒரே எடை.”

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எடை விஷயம் உண்மையாகிவிட்டது, என்ன செய்ய? அன்றிலிருந்து என் பெயர் மூட்டை.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. சைக்கிள்கூட எப்போதோ பள்ளிக்கூட நாளில் ஓட்டினதுதான். ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே மைதானத்தில் வளைந்து வளைந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், லைசென்ஸும் வந்தது. லைசென்ஸ் வந்த அன்றைக்குச் சின்னப் பெண் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் வண்டியோடு தெருவுக்கு வந்தவள், எதிரே ஒரு தண்ணீர் லாரியைக் கண்டதும் ஓரமாக நிறுத்திவிட்டு, அது போய்ப் புழுதி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைதானத்தில் எதிரே யாரும் வருவதில்லையே.

அதற்காக அசருகிற ஆளா அவள்? முதலில் இஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டைச் சுற்றி வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். எதற்கு இந்த வேலை என்றேன். இதன் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டுமாம். வேண்டுமென்றே மெதுவாகக் கீழே சாய்த்துவிட்டு, தனியாகத் தூக்கி நிறுத்தினாள். முதுகைக் கொடுத்து, காலை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. விழுந்தால் தூக்க ஆள் தேடக்கூடாது என்பது அவள் கணக்கு. அடுத்து, விடுமுறை நாட்களில் ஆள் இல்லாத கிடங்குத் தெரு. அடுத்து எங்கள் தெரு. பயம் இருக்கிற இடத்துக்குப் போவாள், பயம் போகும்வரை அங்கேயே சுற்றுவாள், போனதும் அடுத்த தெருவுக்கு மாறுவாள். பயம் இல்லை என்று ஒரு நாளும் வாய்ப்பந்தல் போட்டதில்லை. எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

வழி கண்டுபிடிப்பதில்தான் ஒரு கூத்து. அவளுக்கு ஊர் தெரிந்ததெல்லாம் ஃபோன் வழியாகத்தானே? கடைத்தெருவுக்கு நேர்ச் சாலை இருக்க, பச்சை கேட் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று சந்து சந்தாக நுழைவாள். பச்சை கேட்டுக்கு எப்போதோ நீலம் அடித்துவிட்டார்கள். அந்தத் தெருவிலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு நீல கேட் வாசலில் நின்ற பெரியம்மாவிடம் வழி கேட்டாள். அவர் அண்ணியின் குரலைக் கேட்டதும், நீங்கள்தானே ஃபோனில் பேசுகிறவர் என்று கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் எப்போது வருவார், மெஷின் அப்படியே கிடக்கிறது என்றார். அடுத்த வாரம் என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. சீக்கிரம் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

என்னை ஏற்றிய பிறகும் அவள் வண்டியை அணைய விட்டதே இல்லை. எனக்கு ஆச்சரியம். புதிதாக ஓட்டுகிறவர்கள் கிளட்சைப் படக்கென்று விட்டு வண்டியைக் குதிக்க வைப்பார்கள், அணைத்துவிடுவார்கள். இவள் கையில் அது வெண்ணெயாக நகர்ந்தது. எப்படி என்று கேட்டேன். இஞ்சின் அணைவதற்கு முன்னால் ஒரு மாதிரி முனகும், அதற்குள் கிளட்சைப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். எனக்கு டடடட என்றுதான் கேட்டது.

எங்கள் பக்கத்துக்கும் ஊரின் மறுபக்கத்துக்கும் நடுவே ரயில் பாதை. அதன் மேல் பாலம். அண்ணனைக் கூப்பிடுகிற வீடுகளில் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான். பாலத்தின் உச்சியில் இன்னொரு சாலை வந்து சேர்வதால் அங்கே ஒரு சிக்னல் வைத்திருக்கிறார்கள். எந்த மகராசன் வைத்தானோ. சிவப்பு விழுந்தால் ஏற்றத்திலேயே நிற்க வேண்டும். பச்சை விழுந்தால் ஏற்றத்திலேயே கிளம்ப வேண்டும். பாலத்தைத் தாண்டாமல் எத்தனை தெருவில் சுற்றினாலும் பிரயோஜனமில்லை.

ஒரு காலை நேரம், நான் பின்னால், டூல் பெட்டி பக்கத்தில், போனோம். சிவப்பு விழுந்தது. நின்றாள். எங்களுக்கு வலது பக்கம் மணல் லாரி ஒன்று வந்து நின்று உறுமியது. பச்சை விழுந்தது. அண்ணி கிளட்சை விட்டாள், வண்டி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன். மறுபடியும் முயன்றபோது வண்டி பின்னோக்கி உருண்டது. நான் குதித்துவிட்டேன். குதித்தது தப்பா என்று கேட்காதீர்கள், உயிர் என்னுடையது. வண்டி சாய்ந்து விழுந்தது, பின்னால் நின்ற காரின் மூக்கில் ஒரு கீறல்.

கார்க்காரர் இறங்கி வந்து, வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். நான் சும்மா இருப்பேனா? ஆண் ஒருத்தர் காரின் கதவைத் திறந்துதான் எங்கள் வீட்டு ஆண் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், கதை தெரியாமல் பேசாதே என்று பிடித்துக்கொண்டேன். அண்ணி முதுகைக் கொடுத்து, காலை அழுத்தி, தனியாக வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். நாலு பேர் கைகொடுக்க வருவதற்குள் நிறுத்திவிட்டாள். கார்க்காரர்கூட அதற்கப்புறம் அடங்கிவிட்டார். இருவரும் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தோம்.

அண்ணன் ஜன்னலிலிருந்து பார்த்தான். வளைந்துபோன பிரேக் லிவரைப் பார்த்தான். அண்ணியின் முழங்கையில் ரத்தம். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“போதும். வண்டியை வித்துடலாம். எனக்காக நீயும் விழ வேணாம்.”

அண்ணி முழங்கையைக் கழுவினாள். நான் மாடிக்குப் போய் அழுதேன். இவ்வளவுதானா என்று இருந்தது. வண்டி போனால் அண்ணன் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இரண்டு மூன்று நாள் அவள் வண்டியைத் தொடவில்லை. ஃபோனை எடுத்தாள், சமைத்தாள், அவ்வளவுதான். பிறகு ஒரு மத்தியானம், அவள் ஃபோனில் யாருடைய மெஷின் சத்தத்தையோ கேட்டுக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு லாரி போனது. ஒரு நிமிஷம் இருங்கள், ஒன்றும் கேட்கவில்லை என்று ஃபோனில் சொன்னவள், அப்படியே கையில் ஃபோனோடு என்னைப் பார்த்தாள். அவள் கண் விரிந்ததைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

“ஏய் மூட்டை, நான் அன்னிக்கு ஏன் விழுந்தேன் தெரியுமா? லாரிச் சத்தத்துல எனக்கு இஞ்சின் கேக்கலடி. இத்தனை நாளும் நான் காதால ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.”

உலகத்தில் வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்வார்களா சொல்லுங்கள். எல்லாரும் கையால் காலால் ஓட்டுகிறார்கள். இவள் ஃபோனில் மெஷின் கேட்டுக் கேட்டு, பைக்கையும் அப்படியே கேட்டு ஓட்டியிருக்கிறாள். சத்தமில்லாத தெருவில் ராணி, லாரி பக்கத்தில் வந்தால் ஒன்றுமில்லை.

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் என்னை எழுப்பினாள். மெக்கானிக் ஷெட்டில் லிவரை மாற்றியிருந்தாள். கையில் பஞ்சு. இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, மேலே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில் பாலத்தின் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்துவாள், கிளம்புவாள், நிறுத்துவாள், கிளம்புவாள். பின்னால் வண்டி வந்தால் தோளில் தட்ட வேண்டியது என் வேலை. ஒன்றுமே கேட்காததால் ஆரம்பத்தில் தடுமாறினாள். அணைந்துபோனதுகூடத் தெரியாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தால் அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை, அதனால் நன்றாகவே சிரித்தேன்.

அப்புறம் மெல்ல மெல்ல அவள் கைக்கும் காலுக்கும் புத்தி வந்தது. வலது காலால் பிரேக்கை மிதித்தபடி கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது, ஒரு இடத்தில் வண்டியின் நடுக்கம் மாறும். அது உள்ளங்காலில் தெரிகிறது என்றாள். உட்கார்ந்திருக்கிற இடத்தில்கூடத் தெரிகிறது என்றாள். அந்த இடத்தில் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகாது, முன்னால்தான் போகும். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே அந்த நடுக்கம் பழகிவிட்டது. அவள் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முதலில் காதுவரை ஏறி நிற்கும் தோள், நாளாக ஆகத் தன் இடத்துக்கு இறங்கியது. ஒரு நாள் ஏற்றத்தில் நின்றபடி, ஒரு கையால் மூக்கைச் சொறிந்துகொண்டாள். அன்றைக்குத் தெரிந்தது இவள் தேறிவிட்டாள் என்று.

அந்தப் பக்கம் பேப்பர் போடுகிறவர், காது கேட்காத அம்மா ஒருத்தர் தினமும் பாலத்தில் வண்டி பழகுகிறார், பாவம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களே எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னார்கள்.

பிறகு அவள் பஞ்சை எடுத்துவிட்டு, காலை நெரிசலில் பாலத்தைத் தாண்டினாள். லாரி உறுமட்டும், பஸ் அலறட்டும், அவள் பாட்டுக்குக் கிளம்பினாள். எனக்குப் பின்சீட்டில் தூக்கமே வந்தது.

எல்லாம் சரி, அண்ணன் ஏற வேண்டுமே? தலைகீழாக நின்றாலும் ஏற மாட்டேன் என்றான். பெண்டாட்டி பின்னால் உட்காரக் கூச்சம் என்று தெருவில் பேசினார்கள். அதெல்லாம் இல்லை. அவனுக்கு வண்டியைக் கண்டாலே காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணி கெஞ்சவில்லை. டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு தானே வீடுகளுக்குக் கிளம்பினாள். அங்கே போய் ஃபோன் போடுவாள். இப்போது அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைக் கேட்கிறவன், அண்ணி மெஷின் பக்கத்தில். எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்று கேட்பாள். அவன் சொல்வான். இவள் வேறு ஒன்றைக் கழற்றுவாள். அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவான். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வீட்டுக்குள் அலைவான். அதைத் தொடாதே, அதைத் தொடாதே என்பான். பச்சை கேட் பெரியம்மா வீட்டு மெஷினை இவள் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னபோது அவன் கத்தியது மாடிவரை கேட்டது.

“எல்லாத்தையும் அப்படியே வை. கையை வைக்காத. நாளைக்கு நான் வரேன்.”

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவனே திகைத்து நின்றான். இத்தனை வருஷம் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவள், ஸ்பானரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவள் மாதிரி ஏன் நடந்துகொண்டாள் என்று நான் பலமுறை கேட்டுவிட்டேன். இன்றுவரை சிரிப்புதான் பதில்.

மறுநாள் காலையில் அண்ணன் சவரம் செய்துகொண்டான். முதலில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, திரும்பி வந்து பெரியம்மா வீடு என்று அண்ணி ஏற்பாடு செய்திருந்தாள். என் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸும் அந்தப் பாலத்தில்தான் போகும். அவர்கள் கிளம்புகிற நேரம் பார்த்து நான் பஸ் ஏறி, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். பாலம் ஏறத் தொடங்குகிற இடத்தில் அவர்களைப் பிடித்துவிட்டோம். பஸ்ஸுக்கு நேர் முன்னால், அண்ணியின் பச்சை ஹெல்மெட். பின்னால் அண்ணன், இரண்டு கையாலும் இருக்கைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, விறைத்துப்போய். ஏற்றம் முழுக்க, வண்டி கொஞ்சம் மெதுவானாலும் போதும், உடனே இரண்டு காலையும் கீழே இறக்கித் தரையில் தேய்த்தான். இத்தனை வருஷம் ஓட்டிய கால், நிற்கப்போகிறது என்றால் தானாக இறங்கும் போலிருக்கிறது. அந்த இடது கால் தரையில் தேயும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சிக்னல் சிவப்பானது. ஏற்றத்தில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் பஸ், பக்கத்தில் ஒரு லாரி. அண்ணன் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான். பச்சை விழுந்தது. அண்ணி நகரவில்லை.

அவள் திரும்பி ஏதோ சொல்வது தெரிந்தது. அண்ணன் காலை எடுக்கவில்லை. நகர்ந்தால் அந்தச் சரியாகாத கால் இரும்புச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் மாட்டும். பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. எங்கள் டிரைவரும் அழுத்தினார். ஹாரனை நிறுத்துங்கள், அது எங்கள் அண்ணி என்றேன். அவருக்கு ஒன்றும் புரியாமல் கையை எடுத்துவிட்டார். யாரோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார்கள். அண்ணியின் தோளைப் பார்த்தேன். அது ஏறவே இல்லை. லாரிகூடப் போய்விட்டது. இவள் முழுப் பச்சையையும் போகவிட்டு, வண்டியை அணையவும் விடாமல், அந்த ஏற்றத்தில் அப்படியே நின்றாள். பழைய அண்ணியாக இருந்தால் அந்த ஹாரனில் பதறி எடுத்திருப்பாள். ஊரே பின்னால் நின்று கத்தும்போது, எடுக்காமல் நிற்கத் தெரிந்ததே, அதைத்தான் நான் ஓட்டத் தெரிவது என்பேன்.

மறுபடி சிவப்பு. அப்போது அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்பதை அண்ணன்தான் எனக்குப் பிறகு சொன்னான்.

“நிக்க வைக்கிறது என் வேலைங்க. நீங்க காலை மேல வைங்க. வைக்கிற வரைக்கும் எத்தனை பச்சை போனாலும் நான் எடுக்க மாட்டேன்.”

அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தான். நான் பஸ்ஸின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் நல்ல காலைத் தூக்கி மிதியில் வைத்தான். அப்புறம் அந்த இடது காலை, மடங்காத காலை, கையால் பிடித்துத் தூக்கி மேலே வைத்தான். வண்டி அசையவில்லை. அவள் ஒற்றைக் காலில் அவனையும் டூல் பெட்டியையும் தாங்கிக்கொண்டு நின்றாள். பச்சை விழுந்தது. ஒரு உதறல் இல்லாமல், ஒரு அங்குலம் பின்னால் போகாமல், பச்சை ஹெல்மெட் பாலத்தைத் தாண்டி மறைந்தது. நான் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதேன். டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் நகக்கண்ணில் கிரீஸோடு வந்து சாப்பிட உட்கார்ந்தான். பெரியம்மா வீட்டு மெஷினை யாரும் கவிழ்த்திருக்கவே இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. நாளைக்கு எந்த வீடு என்று அண்ணியைக் கேட்டான். நாற்காலியை அண்ணி மாடிக்கு அனுப்பிவிட்டாள். இப்போது அதில் நான்தான் உட்காருகிறேன்.

அதற்கப்புறம் வேலைக்கு ஓய்வே இல்லை. இருவரும் சேர்ந்தே போனார்கள். அவள் ஓட்டுவாள், வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டுச் சொல்வாள், அவன் பிரிப்பான். நடந்து நடந்து, பயிற்சி செய்து செய்து, அவன் கணுக்காலும் ஓரளவுக்கு மடங்க ஆரம்பித்தது. டாக்டர் வண்டி ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாவிக்குக் கை நீட்டினான். அண்ணி ஒரு நொடி தயங்கினாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தாள். பின்னால் உட்கார யார்? வேறு யார், மூட்டைதான்.

அண்ணன் ஓட்டினான். பாலத்தில் ஏறினான். சிவப்பில் நின்றான், பச்சையில் கிளம்பினான். நன்றாகத்தான் ஓட்டினான், சும்மா சொல்லக்கூடாது. அவன் முதுகு மட்டும் நனைந்திருந்தது. திரும்பி வந்து வாசலில் இறங்கினான். அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“என்னால முடியுமான்னு ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. முடியுது. இனிமே நீயே ஓட்டு.”

மறுநாள் காலையில் ஃபோன் அடித்தது. அண்ணி தேன் குரலில் பேசினாள், இன்றைக்கே வருகிறோம் என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். அண்ணன் பின்னால் ஏறினான். அவள் இன்னும் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அவன் தானாகவே இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டான்.